நீண்ட நாள் ஆடாமல் திரும்பினால் ரேங்க் என்னவாகும்? கேள்வி பதில்

காயம், ஆபரேஷன், குழந்தைப்பேறு என்று ஒதுங்கியிருந்து திரும்பும் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் தரவரிசை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக் கேள்வி "மறுபடி நம்பர் ஒன் ஆவாரா?" என்பதுதான். அதற்குக் கடைசிக்கு முன்னால் வருகிறேன். முதலில் கணக்கு.

கேள்வி: ஆடவில்லை என்றால் ரேங்க் அப்படியே நிற்க வேண்டியதுதானே சார், ஏன் சரிகிறது?

நிற்காது. தரவரிசை என்பது கடந்த 52 வாரக் கணக்கு. போன வருஷம் ஒரு தொடரில் எடுத்த புள்ளி இந்த வருஷம் அதே தொடர் வரும்போது கழன்று விழும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் விழும். செரீனா வில்லியம்ஸ் 2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனை வென்றபோது கர்ப்பமாக இருந்தார். செப்டம்பரில் மகள் பிறந்தாள். அடுத்த ஜனவரியில் அந்த 2000 புள்ளியும் போயிற்று. 2018-இல் பிரெஞ்ச் ஓபன் ஆட பாரிஸுக்கு வந்தபோது 451-ஆம் இடம். கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய தொடர்களில் 23 பட்டம் வென்றவருக்கு!

கேள்வி: புரொடெக்டட் ரேங்கிங் என்கிறார்களே, அது இருக்கும்போது என்ன கவலை அண்ணே?

கல்யாண மண்டபத்து வாசலில் பத்திரிகையைக் காட்டுவது மாதிரி அது. உள்ளே விட்டுவிடுவார்கள், முதல் பந்தியில் இலை போடுவார்கள் என்று அர்த்தமில்லை.

ஆண்கள் பிரிவில் குறைந்தது 6 மாதம் காயத்தால் ஆடாதவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். காயம்பட்ட முதல் 3 மாதத்து ரேங்கின் சராசரியை, தொடர்களில் நுழைவதற்காக, அவருக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் திரும்பினால் 9 தொடர் அல்லது 9 மாதம், அதற்கு மேல் என்றால் 12 தொடர் அல்லது 12 மாதம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை செல்லும். பெண்கள் பிரிவிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. குழந்தை பெற்றவர்கள் 3 வருஷம் வரை பயன்படுத்தலாம்.

ஆனால் இதில் ஒரு புள்ளி கூடக் கையில் வராது. ஆண்களுக்கு இதை வைத்து சீடிங்கும் (முன்னணி ஆட்டக்காரர்கள் ஆரம்பச் சுற்றில் மோதாதபடி பிரித்து வைப்பது) கிடையாது. சீடிங் இல்லையென்றால் முதல் சுற்றிலேயே யார் வேண்டுமானாலும் எதிரே நிற்கலாம். அப்போது பெண்களுக்கும் இதே நிலைதான், செரீனாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச்சில் இண்டியன் வெல்ஸில் சீடிங் இல்லாமல் ஆடி, மூன்றாவது சுற்றில் அக்கா வீனஸிடம் மாட்டினார். அடுத்து மயாமி. முதல் சுற்றிலேயே நவோமி ஒசாகா, அதுவும் சில நாள் முன்புதான் இண்டியன் வெல்ஸ் கோப்பையைத் தூக்கியவர். இரண்டிலும் தோல்வி. விம்பிள்டனில் மட்டும் அமைப்பாளர்களே பார்த்து 25-ஆவது சீடு கொடுத்தார்கள். இறுதிப்போட்டி வரை போனார். 180-களில் இருந்த ரேங்க் ஒரே தொடரில் 28 ஆயிற்று. திரும்பி வருகிறவரின் கதியைப் பல சமயம் டிராதான், அதாவது யாருக்கு யார் எதிரே என்ற பட்டியல்தான், எழுதுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஊக்கமருந்துத் தடை முடிந்து வருபவருக்கும் இந்தச் சலுகை உண்டா?

இல்லை. மரியா ஷரபோவா 15 மாதத் தடை முடிந்து 2017 ஏப்ரலில் வந்தபோது வைல்ட் கார்டை (ரேங்க் பார்க்காமல் அமைப்பாளர்கள் கொடுக்கும் இடம்) நம்பித்தான் இருந்தார். ஸ்டுட்கார்ட் கொடுத்தது, பிரெஞ்ச் ஓபன் மறுத்துவிட்டது. என்னைக் கேட்டால் பாரிஸ் செய்ததுதான் சரி.

கேள்வி: திரும்பி வருபவருக்கு லாபமே இல்லையா?

இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. போன வருஷம் ஆடாத மாதங்களில் காப்பாற்ற வேண்டிய புள்ளி பூஜ்யம். எடுப்பதெல்லாம் வரவு. நடால் 2012 விம்பிள்டனுக்குப் பிறகு ஏழு மாதம் ஆடவில்லை. அப்புறம் 2013 கோடையில் மாண்ட்ரியலை வென்று 1000 புள்ளி, சின்சினாட்டியில் 1000, யு.எஸ். ஓபனில் 2000. ஆக 4000, கழிவு எதுவும் இல்லை. அக்டோபரில் நம்பர் ஒன். ஆனால் அடுத்த வருஷம் அதே மாதங்களில் இந்த 4000-மும் கடனாகத் திரும்பி வரும். 2014-இல் மணிக்கட்டுக் காயத்தால் அந்த மூன்று தொடரிலும் அவர் ஆடவில்லை. மொத்தமும் போச்சு.

கேள்வி: பெரிய பெயர் இல்லாதவர்கள் எப்படி ஏறுகிறார்கள்? வைல்ட் கார்டும் கிடைக்காதே.

படி படியாகத்தான். சுமித் நாகல் 2021 கடைசியில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த வருஷம் 500-க்கும் கீழே போய்விட்டார். சேலஞ்சர் என்கிற அடுத்த கட்டத் தொடர்களில் பொறுக்கிப் பொறுக்கி மேலே வந்தார். 2024 பிப்ரவரியில் நம்ம நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓபன் சேலஞ்சர் இறுதியில் லூகா நார்டியை 6-1, 6-4 என்று முடித்தார். கிடைத்தது 100 புள்ளி, ரேங்க் 121-லிருந்து 98. கடைசிப் புள்ளி முடிந்ததும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நின்று, "அப்போ பெரிய போட்டிக்கெல்லாம் நேரா போலாமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கிராண்ட்ஸ்லாம் டிராவில் 128 பேர், அதில் ரேங்கை வைத்து நேரடியாக நுழைவது 104 பேர். 98-க்கும் 121-க்கும் இடையில் இருப்பது தகுதிச்சுற்றின் மூன்று ஆட்டம்.

கேள்வி: நம்பர் ஒன்னாக இருந்த ஆண்டி மர்ரே ஏன் பழைய இடத்துக்கு வரவே இல்லை?

இடுப்பில் உலோகம் வைத்துக்கொண்டு 2019-இல் ஆண்ட்வெர்ப் கோப்பையை வென்றவர். மனத்தில் குறை இல்லை. 2023 ஆஸ்திரேலிய ஓபனில் கொக்கினாகிஸுடன் 5 மணி 45 நிமிடம் ஆடி, அதிகாலை 4 மணிக்கு மேல் ஜெயித்தார். அடுத்து மூன்றாவது சுற்று ஆட்டத்தில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இங்கேதான் விஷயம்: மூன்றாவது சுற்றுக்கு இன்றைய கணக்கில் 100 புள்ளி, அரையிறுதிக்கு 800. இரண்டாவது வாரம் போகாதவர் மேலே வர முடியாது. அதன் பிறகு அவர் தொட்ட உச்சம் 36.

கேள்வி: சரி, நம்பர் ஒன் ஆக வாய்ப்பு?

ஆனவர்கள் உண்டு. ஃபெடரர் அரை வருஷம் ஓய்வெடுத்து 2017-இல் வந்து, 2018 பிப்ரவரியில் 36 வயதில் ஆனார். கிம் கிளைஸ்டர்ஸ் குழந்தை பெற்று, ரேங்கே இல்லாமல் வைல்ட் கார்டில் வந்து 2009 யு.எஸ். ஓபனை வென்று 19-க்குத் தாவினார். 2011 பிப்ரவரியில் ஒரே ஒரு வாரம் முதலிடம். இருவரும் போகும்போதே உச்சத்தில் இருந்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். 60-ஆம் இடத்திலிருந்து போனவர் 60-க்குத் திரும்பினாலே எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. முழங்கால் வலி, டாக்டர் ஒரு வருஷம் ஆடாதே என்கிறார். ஜூனியர் ரேங்க் எல்லாம் போய்விடுமே?

போகட்டும் அம்மா. ஜூனியர் ஆட்டம் 18 வயதோடு முடிகிற சமாச்சாரம். சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் சில வருஷங்களையே இழந்தவர். அவருடைய சிறந்த ரேங்க் 75 வந்தது 2019-இல், 29 வயதில். வருகிற மாதத் தொடருக்குப் பெயர் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பப் பெற்றுவிடுங்கள். கடைசி நாளைத் தாண்டி விலகினால் அபராதம் வேறு கட்ட வேண்டி வரலாம்.