திருகோணமலையில் திமிங்கிலம் பார்ப்பது: கேட்டவையும் சொன்னவையும்

பங்குனி கிட்ட வந்தாலே "அண்ணை, திமிங்கிலம் வந்திட்டுதா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். உப்புவெளிக் கரையிலிருந்து ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிறவன் என்ற முறையில், இந்தமுறை வந்த கேள்விகளுக்குப் பதில்.

கேள்வி: டிசம்பரில்தான் லீவு. திருகோணமலைக்கு வரலாமா? (சென்னை)

கோயில் பார்க்க வாருங்கள், திமிங்கிலம் பார்க்க வேண்டாம். வாடைக் காலத்தில் எங்கள் கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் தெற்கே மிரிஸ்ஸதான் சரி, ஏப்ரல் வரை அங்கே பார்க்கலாம். எங்களுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரல். பிறகு தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் வெயில் ஏற ஏற அலையும் எழும்பும். விடிய ஐந்தரைக்கே கரைக்கு வரச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: கோணேசர் கோயிலில் நின்றே திமிங்கிலம் பார்த்ததாக அம்மா சொல்வா. உண்மையா, கதையா? (டொரொன்டோ)

உண்மைதான் தங்கச்சி. எல்லா நாளும் தெரியாது, ஆனால் கடல் அடங்கியிருக்கும் காலையில் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் பைனாகுலரோடு நின்றால் தூரத்தில் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்ப்புகை எழும்புவது தெரியும். காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. துறைமுக வாசலிலிருந்தே ஒரு பெரிய பள்ளத்தாக்கு கீழே இறங்குகிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். வேறு இடங்களில் நடுக்கடலுக்குப் போனால் கிடைக்கும் ஆழம் இங்கே வாசலிலேயே இருப்பதால் இரையும் கிட்ட, திமிங்கிலமும் கிட்ட.

1980களின் தொடக்கத்தில் 'டூலிப்' என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் வேலை செய்தார்கள். பிறகு சண்டை. கடற்படைத் தடைகளுக்குள் மீன்பிடிக்கவே பாஸ் கேட்ட காலத்தில் திமிங்கிலம் பார்க்க யார் போவது? 2009க்குப் பிறகுதான் இந்தத் தொழில் இங்கே காலூன்றியது.

கேள்வி: நீலத் திமிங்கிலம் குளிர்க் கடலுக்குப் போகாதா? (மட்டக்களப்பு, ஆசிரியர்)

மற்ற நீலத் திமிங்கிலங்கள் துருவப் பக்கம் போய்த் தின்றுவிட்டு, குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும். எங்கள் கடலில் உள்ளவை வருடம் முழுக்க வட இந்தியப் பெருங்கடலை விட்டுப் போவதில்லை, இங்கேயே தின்கின்றன. இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ். 2003இல் அவர் கண்ட தடயம் திமிங்கிலத்தின் மலம்! தின்கிற இறால் வகையால் அது செங்கல் நிறத்தில் இருக்கும். நீல நீரில் செம்மண் கரைத்து ஊற்றியதுபோலப் படர்ந்து கிடக்கும். வள்ளத்தில் அதைக் கண்டால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், நான் மட்டும் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: தூரத்திலிருந்தே என்ன வகை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (கொழும்பு)

மூச்சைப் பார்த்துத்தான். தென்னை மர உயரத்துக்கு நேராக எழும்பினால் நீலம். பதிந்து, முன்பக்கம் இடதாகச் சரிந்து போனால் எண்ணெய்த் திமிங்கிலம் (ஸ்பேர்ம் வேல்), அதற்கு மூக்குத் துவாரம் தலையின் இடப்பக்கத்தில். நீலம் சில தடவை மூச்சு விட்டு, முதுகை வளைத்து வாலைத் தூக்கினால் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம். பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலம் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதற்குள் கொண்டுவந்த பாணும் சம்பலும் முடிந்துவிடும்.

கேள்வி: போன வருடம் வேறொரு இடத்தில் எங்கள் வள்ளக்காரர் திமிங்கிலத்தைத் துரத்தினார். அப்படித்தான் செய்வதா? (திருச்சி)

இல்லை தம்பி. 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. முன்னால் போய் மறிக்கக்கூடாது, பின்னாலிருந்தும் விரட்டக்கூடாது, பக்கவாட்டில், அது போகிற வேகத்திலேயே போக வேண்டும். துரத்தினால் அது மூச்சைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் மூழ்கிவிடும், காசு கொடுத்தவருக்கும் நஷ்டம். இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற ஓட்டியாகப் பார்த்து ஏறுங்கள். சிலவேளை திமிங்கிலம் தானாகவே கிட்ட வரும். அப்போது அது மூச்சு விடும் சத்தம் நெஞ்சில் அதிரும். மேலில் தெறிக்கும் நீரில் மீன் நாற்றம் வேறு. "கட்டாயம் காட்டுவோம், இல்லாவிட்டால் காசு வாபஸ்" என்பவர்களிடம்தான் துரத்தல் அதிகம்.

கேள்வி: கப்பல் மோதிச் சாகின்றனவே? (யாழ்ப்பாணம்)

அந்த ஆபத்து தெற்கில்தான் பெரிது. தெய்வேந்திரமுனைக்குக் கீழே போகிற கப்பல் பாதையும் திமிங்கிலங்கள் மேயும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று. பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்கிறார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தள்ளி ஓட்டத் தொடங்கியது. ஒரு கம்பெனியால் முடிகிறதென்றால் மற்றவர்களுக்கு என்ன தடை என்பது என் கேள்வி.

கேள்வி: அம்பர் மிதந்து கிடைக்குமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

அம்பர் என்பது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிற, வாசனைத் திரவியத்துக்குப் பயன்படும் மெழுகு மாதிரிப் பொருள். கிடைத்தாலும் தொடாதீர்கள். இந்தியாவுக்குக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் இருந்தே நேராக ஜெயில்.

கேள்வி: எனக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். (கோவை)

ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரை. வெறும் வயிறும் வேண்டாம், கொத்து ரொட்டியும் வேண்டாம். இரண்டு இடியப்பம் போதும். பின்பக்கம் இருங்கள், போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மாத்திரை என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.