எண்ணெயை வழித்த பின்னும் நீர் கலங்கியிருப்பது ஏன்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலைக் கழிவுநீரை இரவு முழுவதும் தொட்டியில் தேக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, அடியில் படியும் சேற்றையும் அகற்றுகிறோம். ஆயினும் இடையிலுள்ள நீர் பால்போல் கலங்கியே இருக்கிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் சரியாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. எண்ணெய்த் துளி நீரில் மேலெழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளியைவிட 15 மைக்ரான் துளி நூறு மடங்கு மெதுவாகவே எழும். ஈர்ப்பு விசையை மட்டும் நம்பும் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகைப் பிரிப்பான்கள் ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளுக்காகவே வடிவமைக்கப்படுகின்றன. உங்கள் தொட்டியில் எஞ்சுவது பால்மம், அதாவது எண்ணெய் நுண்துளிகளாய் நீரில் பரவி நிற்கும் கலவை. சோப்பு போன்ற பொருள்கள் துளிகளைச் சூழ்ந்து, அவை ஒன்றுசேராமல் தடுக்கின்றன. எண்ணெய் பூசிய நுண்துகள்களோ, நீரின் அடர்த்தியை ஒத்துவிட்டால், மிதக்கவும் மாட்டா, மூழ்கவும் மாட்டா.

படிகாரம் அல்லது ஃபெரிக் குளோரைடு சேர்த்து, காரஅமிலத் தன்மையைச் சீர்செய்தால் பால்மம் உடைந்து திரளாகும். பின்னர் அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைத் தொட்டிக்குள் விடும்போது, அழுத்தம் குறைந்து பிறக்கும் நுண்குமிழிகள் அத்திரள்களில் ஒட்டி அவற்றை மேலே தூக்கிவிடும். சேர்க்கும் வேதிப்பொருளின் அளவை ஊகிக்காமல், சில குடுவைகளில் வெவ்வேறு அளவுகளைக் கலந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்பாக, கழிவுநீரை இறைக்கும் பம்பைக் கவனியுங்கள். அதிவேக மையவிலக்கு பம்பு பெரிய துளிகளையும் நொறுக்கிப் பால்மமாக்கிவிடும். பல இடங்களில் கோளாறு தொட்டியில் அன்று, பம்பில்தான் தொடங்குகிறது.