வால்வு ஆபரேஷனோடு மேஸ்: கேள்வி பதில்

இருபது வருடமாக ஹார்ட்-லங் மெஷின் (ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் கருவி) பக்கத்தில் நிற்பவன் நான், சர்ஜன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: சார், அம்மாவுக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது) மாற்றப் போகிறார்கள். நாலு வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப், இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) இருப்பதால் கூடவே மேஸும் (அதை அடக்க மேலறையில் தழும்புக் கோடுகள் போடும் ஆபரேஷன்) செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். இன்னும் அதிகமாக வெட்டுவார்களோ?

பதில்: வால்வுக்காக இடது மேலறையை எப்படியும் திறக்கத்தான் போகிறார்கள், அதனால்தான் இந்தச் சமயத்திலேயே கேட்கிறார்கள். 1987-ல் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காக்ஸ் முதலில் செய்தபோது நிஜமாகவே மேலறைகளைக் கத்தியால் கோடு கோடாக வெட்டித் திரும்பத் தைத்தார். இப்போது பெரும்பாலும் ரேடியோ அலை கிளாம்பால் சூடு வைக்கிறார்கள், வால்வை ஒட்டிய இடங்களில் கிரையோவால் (கடுங்குளிர் கருவி) உறைய வைக்கிறார்கள். சூடோ குளிரோ, கடைசியில் தழும்புதான், தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. கண்டபடி சுற்றிக்கொண்டிருந்த மின் அலைக்கு வட்டமடிக்க இடமில்லாமல் போய், சைனஸ் முனையிலிருந்து (துடிப்பு இயல்பாகக் கிளம்பும் இடம்) கீழே இறங்கும் பாதை மட்டும் மிஞ்சும். நுரையீரல் சிரைகளைச் சுற்றி வைக்கும் கோடுதான் இதில் ரொம்ப முக்கியம், கோளாறு அதிகம் கிளம்புவது அங்கிருந்துதான். எங்கள் பக்கத்திலிருந்து சொன்னால், மெஷினில் இருக்கும் நேரம் கொஞ்சம் கூடும். அம்மாவுக்கு கிட்னியோ இதயத்தின் பம்பிங்கோ ஏற்கெனவே மோசம் என்றால் அதைப் பற்றி சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்.

கேள்வி: செய்தால் கண்டிப்பாகச் சரியாகிவிடுமா?

பதில்: கண்டிப்பாக என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2015-ல் வெளியான ஆய்வில் மைட்ரல் ஆபரேஷனுக்கு வந்த 260 பேரைப் பார்த்தார்கள். அப்லேஷனும் (இப்படித் தழும்பு வைப்பது) செய்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஏஎஃப் இல்லை, செய்யாதவர்களில் 29 சதவீதம்தான். ஒரு வருட இறப்பில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது இரண்டரை மடங்குக்கு மேல். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஐசியூ வாசலில் வைத்துச் சொன்னால் எந்தக் குடும்பம்தான் பொறுக்கும்? மேலறை ரொம்ப வீங்கியிருந்தாலோ பல வருடப் பழைய ஏஎஃப் என்றாலோ பலன் குறையும்.

கேள்வி: அண்ணா, எனக்கு மேஸ் முடிந்து மூணு வாரம், ஈசிஜியில் மறுபடி ஏஎஃப். காசு வீணா?

பதில்: இல்லை தம்பி, அவசரப்படாதீங்க. தழும்பு முழுசாக முற்ற வேண்டும், வீக்கம் வற்ற வேண்டும், அதனால் முதல் மூன்று மாதத்தை வைத்து யாரும் தீர்ப்பு சொல்வதில்லை. அதுவரை மாத்திரையை விடாதீங்க, படபடப்போ தலைசுற்றலோ வந்தால் உடனே போய்க் காட்டுங்க.

கேள்வி: மேலறையின் காதையும் (இடது மேலறையை ஒட்டிய, ரத்தம் கட்டிக்கொள்ளும் சின்னப் பை) மூடிவிட்டார்கள். அசிட்ரோமை (ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை) நிறுத்தலாமா?

பதில்: உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க மாத்திரை, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் டெஸ்ட்), வேறு பேச்சே இல்லை. திசு வால்வு என்றாலும் நிறுத்துவது டாக்டர் முடிவு. காதை மூடினால் பக்கவாதமோ உடலில் வேறிடத்தில் ரத்தக்கட்டி அடைப்பதோ குறைகிறது என்று 2021-ல் ஏறக்குறைய 4,800 பேரை வைத்து நிரூபித்தார்கள் (7 சதவீதம் 4.8 ஆனது), ஆனால் அதில் பெரும்பாலானோர் மாத்திரையையும் தொடர்ந்தவர்கள். அந்த வரியை விட்டுவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்த இரண்டாம் நாள் ஏஎஃப் வந்தது. மேஸ் செய்யாததாலா?

பதில்: இல்லை, முன்பு ஏஎஃப் இல்லாதவருக்கு இது வேறு கதை. பைபாஸ் முடிந்தவர்களில் நாலில் ஒருவருக்காவது வருகிறது, பெரும்பாலும் சில வாரத்தில் மாத்திரையிலேயே அடங்கிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.