ஒரே வட்டம், இரண்டு பெயர்

கேள்வி (2020 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்): கொரோனா, வேலையிழப்பு, நிறவெறிக்கு எதிரான போராட்டம், காட்டுத்தீ என்று அமெரிக்கா தத்தளிக்கிறது. இந்த நேரத்தில் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி பதவிகளுக்குப் போட்டியிடும் பைடன் - கமலா ஜோடியைக் கேள்வி கேட்காமல் எல்லோரும் ஆதரிப்பதுதானே நாட்டுக்கு நல்லது? அதிலும் கமலா நம் வீட்டுப் பெண்! (ஒரு வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: ஆதரியுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். 'கேள்வி கேட்காமல்' என்ற இரண்டு சொற்களை மட்டும் உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

பட்ட காலிலே படும் என்பது இந்த 2020இல் அமெரிக்காவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஏப்ரலில் வேலையில்லாதோர் 14.7 சதவீதம். கொரோனா பலி 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கலிபோர்னியாவில் 40 லட்சம் ஏக்கர் எரிந்துவிட்டது. மாற்றம் வேண்டும் என்று நீங்கள் துடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 'நெருக்கடி நேரம், ஒன்றுசேருங்கள், துருவிக் கேட்காதீர்கள்' என்பதை அந்த நாடு ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது. 1864, உள்நாட்டுப் போர். மறுபடி போட்டியிட்ட குடியரசுக் கட்சி ஜனாதிபதி லிங்கனுக்கு மாற்றுக் கட்சி ஓட்டும் வேண்டும் என்று, ஜனநாயகக் கட்சிக்காரரான ஆண்ட்ரூ ஜான்சனைத் துணை ஜனாதிபதி வேட்பாளராகச் சேர்த்தார்கள். 1865 மார்ச் 4 அன்று பதவியேற்க வந்த ஜான்சன், விஸ்கி மயக்கத்தில் செனட் சபையிலேயே உளறிக் கொட்டினார். (உடம்பு சரியில்லாததால் குடித்தாராம்!) ஆறே வாரத்தில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். உளறியவர் ஜனாதிபதி ஆனார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் 1866 சட்டத்துக்குக் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது.

வரும் 2020 நவம்பர் 20 அன்று பைடனுக்கு 78 வயது. இரண்டாவது பெயர் இம்முறை ஒப்புக்குச் சேர்த்த பெயர் அல்ல. கட்சி மாநாட்டில் கமலா 'சித்தி' என்று சொன்னபோது எனக்கும் இனித்தது. ஆனால் அவர் சான் பிரான்சிஸ்கோவிலும், பிறகு கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும், குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞராக இருந்தவர். பைடனோ 1994ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தை செனட்டில் முன்னின்று கொண்டுவந்தவர். சிறைகள் கறுப்பின இளைஞர்களால் நிரம்பியதற்கு அந்தச் சட்டத்தையும் பலர் குறை சொல்கிறார்கள். மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரரின் முழங்கால் நெரித்ததைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்த இளைஞன், 'அப்போது நீங்கள் இருவரும் எந்தப் பக்கம் நின்றீர்கள்?' என்று கேட்டால் அது துரோகமா?

இன்னொன்று. 2019 ஜூனில், பள்ளிகளில் நிறப் பிரிவினையைப் போக்க, கறுப்பினக் குழந்தைகளை பஸ்ஸில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்தீர்களே என்று, கட்சிக்குள் நடந்த வேட்பாளர் போட்டியின் விவாத மேடையில் பைடனை மடக்கியவரே கமலாதான். அவரைத்தான் பைடன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். கேட்டவருக்கே அங்கே இடம் கிடைத்திருக்கும்போது நீங்கள் ஏன் வாயைக் கட்டிக்கொள்கிறீர்கள்?

உங்கள் மாநிலத்தில் ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்திருக்கும். அதில் இருவருக்கும் சேர்த்து நிரப்ப வேண்டியது ஒரே வட்டம்தான். ஒருவரை எடுத்துக்கொண்டு மற்றவரை விட வழியில்லை. நிரப்புங்கள். உறையில் கையெழுத்துப் போட மறந்துவிடாதீர்கள்.