பெங்களூர் மாடியில் ஆடிப்பட்டம்

கேள்வி: பெங்களூரில் மாடித்தோட்டம் போடும் தமிழர்கள் மாதாமாதம் கூடுகிறீர்களாமே, அப்படி என்னதான் பகிர்ந்துகொள்கிறீர்கள், என்ன பேசுகிறீர்கள்? விதை மட்டும்தானா?

விதை ஒரு சாக்கு. பாதிப் பேர் புலம்பத்தான் வருகிறோம்.

நான் இருப்பது ராமமூர்த்தி நகரில், மூன்றாவது மாடி, வாடகை வீடு. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். 2017இல் நாலு கத்தரிச் செடியோடு ஆரம்பித்தேன்; இன்றைக்கு எண்ணினால் அறுபது பைக்குக் குறையாது. வீட்டுக்காரர் மாடிப் பக்கம் வரும்போதெல்லாம் தளம் தாங்குமா என்று ஒரு பார்வை பார்ப்பார். அதில் தப்பில்லை. ஈரமண் ஒரு கனஅடி நாற்பது கிலோவுக்கு மேல் எடை வரும். அதனால் பைகளையெல்லாம் சுவரோரமாக வைத்திருக்கிறேன், மண்ணிலும் பாதி பொள்ளாச்சியிலிருந்து வரும் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள்தான்.

எங்கள் கூட்டத்தில் ஏறக்குறைய முப்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு மாடி. சேலம், திண்டுக்கல், வேலூர், நாகர்கோவில் என்று ஆளுக்கொரு ஊர். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் அண்ணன் ஒருவரும் உண்டு. அவரிடம் "ஊர் எதுண்ணே?" என்று கேட்டால் "இதுதாம்மா" என்பார்.

கைமாறும் பொருள்களைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. நாளிதழில் மடித்த விதைப் பொட்டலங்கள். முருங்கைப் போத்து, கரும்புக் கரணை, செம்பருத்திக் குச்சி. பழைய பெயின்ட் வாளிகள். மண்புழு, ஐஸ்கிரீம் டப்பாவில். புதினா எல்லாரும் கொண்டுவருவார்கள், யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். மூக்குத்தி அவரை என்று சொன்னால் மட்டும் கை நீளும், ஏனென்றால் கடையில் அந்தக் காய் கிடைப்பதில்லை.

ஆனால் எங்கள் பேச்சில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஊரில் சரியாக இருந்தது இங்கே ஏன் சரியாக வரவில்லை?

என் முதல் அடியும் அதுதான். அம்மா ஊரிலிருந்து சுரை, பீர்க்கு, கத்தரி, தக்காளி விதையெல்லாம் கொடுத்து, "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க, ஆடி பிறந்ததும் போட்டுரு" என்றாள். போட்டேன். எங்கள் ஊரில் ஆடி என்றால் காற்று வீசினாலும் வெயில் வெயில்தான். இங்கே ஆடி என்பது மூன்று வாரம் சூரியனைப் பார்க்காமல் நசநசவென்று தூறும் மாதம். கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கும் நகரம் இது. தக்காளி நாற்று முளைத்து இரண்டு அங்குலம் வந்ததும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. அதற்கு நாற்றழுகல் என்று பெயர் உண்டு என்பதே பிறகுதான் தெரியும். தப்பிப் பிழைத்த சுரைக்கொடி இலையெல்லாம் வெள்ளை மாவு தூவியது மாதிரி சாம்பல் நோய். அம்மாவிடம் சொன்னால், "விதையில ஒண்ணும் குத்தமில்ல, உன் கையிலதான்" என்றாள்.

கூட்டத்துக்கு முதன்முதலாகப் போன அன்று இதைச் சொன்னேன். சிரித்தார்கள். எல்லாருக்கும் ஒரு ஆடிக்கதை இருந்தது.

அப்புறம் பேசிப் பேசி, தோற்றுத் தோற்று, எங்களுக்கென்று ஒரு பட்டம் உருவாகியிருக்கிறது. சுரை, பீர்க்கு, புடலை, வெண்டை எல்லாம் தை கடைசி, மாசியில். மே மாத இடிமழையைக் குடித்து வளர்ந்து, தூறல் காலம் பிடிப்பதற்குள் காய்த்துவிடும். தக்காளி நாற்றுவிட செப்டம்பர் கடைசி. இந்த ஊரில் பெருமழை பெய்வது செப்டம்பர், அக்டோபரில்தான், அதனால் நாற்றை மட்டும் கூரைக்குக் கீழே வைத்திருந்து மழை ஓய்ந்ததும் பைக்கு மாற்றினால் தையில் பழம் பறிக்கலாம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பச்சைப் பட்டாணி என்று எங்கள் கரிசல் பக்கம் நினைத்தே பார்க்க முடியாததெல்லாம் இங்கே கார்த்திகை, மார்கழியில் சிரித்துக்கொண்டு வளரும். கொத்தமல்லிக்கு இது சொர்க்கம். அருப்புக்கோட்டையில் கொத்தமல்லி போட்டால் நாலாம் வாரம் பூத்துவிடும்.

ஒரு வேடிக்கை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? தெரிந்தவர்களெல்லாம் எனக்கு போன் போட்டார்கள்: "உனக்கென்ன, மாடியிலேயே இருக்கே." ஒன்றுகூட இல்லை. அது ஆனி கடைசி, ஆடி தொடக்கம். முப்பது மாடியையும் சேர்த்துத் தேடினாலும் ஒரு ரசத்துக்குத் தேறியிருக்காது.

அடுத்து கறிவேப்பிலை. இதைப் பேசாமல் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. மார்கழி வந்தால் இலை மஞ்சளாகி உதிரும், துளிர் நின்றுவிடும், உடனே ஆளாளுக்கு வைத்தியம். புளித்த மோர் ஊற்றுபவர்கள் ஒரு கட்சி, பெருங்காயம் கலந்த மோர் என்பவர்கள் இன்னொரு கட்சி. என் கணிப்பில் குளிருக்கு அது தூங்குகிறது, அவ்வளவுதான். தண்ணீரைக் குறைத்துவிட்டு, உரம் எதுவும் போடாமல், மாசியில் நுனியைக் கிள்ளிவிட்டால் தானாகத் துளிர்க்கும். மோர்க் கட்சிக்காரர்கள் மாசியில் துளிர்த்ததும் மோர்தான் காரணம் என்பார்கள். அவர்களோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஆடிப்பட்டம் இங்கே செல்லாது என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கூட்டத்தில் இல்லாதவர், கீழ்வீட்டு அஜ்ஜி, நம்ம மொழியில் பாட்டி. வீட்டுக்காரரின் அம்மா, மாகடிப் பக்கத்துக்காரர். ஒரு நாள் அவரைக்காய் விதை இருக்கிறதா என்று கேட்டார். பெருமையாக ஊர்க் கொடியவரை விதையைக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கன்னடத்தில் அவரைக்காய் என்றால் நம்ம மொச்சை. நாம் அவரை என்பதை அவர்கள் சப்பரத அவரே என்கிறார்கள், பந்தல் அவரை. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் ஒன்றைத் தோலோடு நறுக்கிப் பொரியல் வைப்போம், மற்றதை உரித்துக் கொட்டையைத் தின்போம். தமிழும் கன்னடமும் பக்கத்துப் பக்கத்து மொழிகள் என்பதால் வரும் தொல்லை இதுதான், புரிந்துவிட்டது மாதிரியே இருக்கும்.

அஜ்ஜி சொன்ன சூத்திரம்: நாட்டு அவரையை ஆடியிலோ ஆவணியிலோ போடு, எப்போது போட்டாலும் பகல் குறுகினால்தான் அது பூக்கும். சோதித்துப் பார்த்தேன். மாசியில் போட்ட செடி எட்டு மாதம் கொடி மட்டும் வீசி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஆடி கடைசியில் போட்டதும் அதுவும் ஒரே வாரத்தில் பூத்தன. இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஹெப்பாள் அவரை ரகங்கள் பகல் நீளத்தைப் பார்க்காமல் எந்தப் பருவத்திலும் பூக்கும். ஆனால் மார்கழிப் பனியில் முற்றும் நாட்டுக் காயின் வாசனை அதில் இல்லை என்பது அஜ்ஜியின் தீர்ப்பு. எங்கள் கூட்டத்தில் வேலூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பை அவர்கள் ஊரிலேயே தின்று வளர்ந்தவர்கள். தெற்கத்திக்காரர்கள் நாங்கள்தான் வாயைப் பிளந்தோம்.

பெயர்க் குழப்பத்தில் சௌசௌவையும் சேர்க்க வேண்டும். நாம் அதைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்கிறோம். பெங்களூர்க்காரர்கள் சீமெ பதனேகாயி, அதாவது சீமைக் கத்தரிக்காய் என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி, அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். லால்பாக் தோட்டத்தில் ஜான் கேமரன் பொறுப்பில் இருந்த காலத்தில் இங்கே காலூன்றியது. இதற்கு விதையைத் தனியாக எடுத்துவைக்க முடியாது, முற்றிய காயை அப்படியே சாய்த்துப் பாதி புதைக்க வேண்டும். ஒரு கொடி பிடித்துவிட்டால் போதும், அப்புறம் அக்கம்பக்கத்தில் யாரும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள், காய் கொடுத்துவிடுவோம் என்ற பயத்தில்.

பூச்சிப் பேச்சுக்கு வருகிறேன். செம்பருத்தி, பப்பாளி, கொய்யா எதை வைத்தாலும் மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால நேரம் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. எறும்பை விரட்டாவிட்டால் என்ன அடித்தும் பயனில்லை என்பதிலும். எறும்புதான் அதைச் சுமந்து இடம் மாற்றி மேய்க்கிறது. கோயம்புத்தூர் அக்கா ஒருவர் சொன்ன கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2008இல் அவர்கள் ஊர்ப்பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் 2010இல் புவேர்ட்டோ ரீக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கிய இடம் இதே பெங்களூர் ஹெப்பாளில் உள்ள பூச்சி ஆராய்ச்சி நிலையம். இங்கே வளர்த்துத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள், பூச்சி அடங்கியது. அக்காவின் தம்பி தோட்டமும் அதில் பிழைத்தது. அதனால் அக்கா மாடியில் கடுமையான மருந்தை யார் எடுத்தாலும், "குளவியையும் சேர்த்துக் கொல்லப் போறியா?" என்று சண்டைக்கு வருவார்.

சண்டை என்றதும் உரம். பஞ்சகவ்யம், மீன் அமிலம், கடையில் வாங்கும் 19:19:19 ரசாயன உரம் என்று மூன்று அணி. நான் இரண்டாவது அணியிலிருந்து வெளியேற்றப்பட்டவள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு மூடி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன். மூடியை நாளுக்கு ஒருமுறை லேசாகத் திறந்து காற்றை விட வேண்டும். மூன்று நாள் மறந்தேன். நாலாம் நாள் டப்பா வெடித்தது. வீட்டுக்காரர் சைவம். அதற்குமேல் எழுத வேண்டாம்.

இனி, நாங்கள் மெதுவான குரலில் பேசும் விஷயம். தண்ணீர்.

2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிக்கு வரிசை நின்றபோது, குடிநீர் வாரியம் குடிதண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்த மாதக் கூட்டம் நடந்தது என் மாடியில். யார் முகத்திலும் களையில்லை. செடியைக் காப்பாற்றுவதா, கீழ்வீட்டுக்காரர் ஒரு குடத்துக்கு நிற்கும்போது மேலே சொட்டுச் சத்தம் கேட்பது நியாயமா என்று பேச்சு வந்தது. பலர் பாதிப் பைகளைக் காயவிட்டார்கள். நானும் இருபது பைகளை விட்டேன். மிச்சத்துக்கு அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், துணி இயந்திரத்தில் கடைசியாக அலசிய தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரையும் ஊற்றினோம். அதில் உப்பு அதிகம், அதையே தொடர்ந்து ஊற்றினால் மண் மேலே வெள்ளையாகப் பூக்கும் என்று இலை ஓரம் கருகிய பிறகு கற்றுக்கொண்டோம். அன்றிலிருந்து எல்லாருடைய பையிலும் காய்ந்த இலை மூடாக்கு இருக்கிறது. அதற்கு முன்பு சொன்னால் "குப்பை மாதிரி இருக்கு" என்பார்கள்.

காவிரி என்ற சொல்லை மட்டும் அங்கே யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இந்த நகரம் குடிக்கும் காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. அதே ஆறுதான் கரூருக்கும் திருச்சிக்கும் போகிறது. 1991, 2016 காவிரிக் கலவரங்களை இந்த ஊரில் பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அல்சூர் அண்ணன் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்ச் செடியைப் பார்ப்பார். அவர் பார்க்கும் செடியை நாங்களும் பார்ப்போம்.

விதைப் பொட்டலத்தின் மேல் முன்பெல்லாம் பெயரும் எடுத்த மாதமும்தான் எழுதுவோம். இப்போது மூன்றாவதாக ஒரு வரி: பெங்களூரில் போட்ட மாதம். போன தடவை ஒரு பொட்டலத்தில் "பட்டாணி, ஐப்பசியில் போட்டேன், அணில் தின்றது" என்று இருந்தது. அதை எடுத்துவந்து, வலையோடு போட்டிருக்கிறேன்.

நீங்கள் பெங்களூரில் இருந்தால் வாருங்கள். கொத்தவரை விதை இருந்தால் கொண்டுவாருங்கள், எங்கள் யாரிடமும் நல்லதாக இல்லை. புதினா வேண்டாம்.