மனையை விற்காதீர்கள்

போன சனிக்கிழமை நீங்களும் வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்தபோது முதல் கால் மணி நேரம் ஆறுதல்தான் சொன்னேன். இனி அது வேண்டாம். மகளுக்கு நீட் இரண்டு முறை கைகொடுக்கவில்லை. மூன்றாவது முறை எழுதட்டும், அதுவும் போனால் அவிநாசி மனையை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்பது உங்கள் மச்சினர் யோசனை. கடன் வந்தால் கட்டப்போவது அவரா? விற்காதீர்கள்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது மகள் என்ன செய்தாள், பார்த்தீர்களா? நீங்கள் கொண்டுவந்த நகல்களைப் புரட்டி, ஒன்றில் பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருப்பதைக் காட்டினாள். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று சொன்னதும் அவள்தான்.

அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது: மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேரியன்ட் அனலிஸ்ட், அதாவது மரபணு மாற்றங்களை அலசிப் பார்ப்பவர். அடிக்கடி வலிப்பு வரும் ஒரு குழந்தையின் ரத்தம் அங்கே வருகிறது என்று வையுங்கள். இயந்திரம் மரபணுக்களைப் படித்து, பல்லாயிரம் எழுத்து மாற்றங்களைப் பட்டியலாகக் கொட்டும். எல்லோரிடமும் அப்படி இருக்கும், பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. மக்களிடையே பரவலாக உள்ளவற்றை முதலில் கழிக்க வேண்டும். மிஞ்சும் சிலவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து, நிஜமான மாற்றமா, இயந்திரப் பிழையா என்று பார்க்க வேண்டும். அப்புறம் கிளின்வார் (ClinVar) இணையதளத்தில் மற்ற ஆய்வகங்கள் என்ன பதிந்திருக்கின்றன, அப்பா அம்மாவிடம் அதே மாற்றம் உண்டா என்று தேடல். கடைசியில் 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு வெளியிட்ட விதிகளின்படி ஐந்து வகைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். நோய் தருவது ஒரு முனை, தீங்கற்றது மறு முனை. நடுவில் 'வியுஎஸ்', அதாவது இப்போதைக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தது இந்த நடு வகைதான். தெரியாததைத் தெரியாது என்று எழுதாமல் இழுத்துப் பிடித்து நோய் என்று எழுதினால், தேவையில்லாத அறுவை சிகிச்சை வரை போய்விடும்.

நம் ஊர் விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் தனி மதிப்பு. உலகத் தரவுத்தளங்களில் நம் மக்கள் குறைவு. நம்மிடம் சாதாரணமாக உள்ள மாற்றம் அங்கே அபூர்வம்போலத் தெரியும். சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் வந்ததே அதனால்தான். 'சொந்தத்தில் கல்யாணமா?' என்ற நம் கேள்வியும் அங்கே சோதனைத் தகவல்தான்.

வழி நீளம்தான், செலவு கம்மி. அரசுக் கல்லூரியில் விலங்கியலோ உயிர்வேதியியலோ பி.எஸ்சி., பிறகு மனித மரபியலில் எம்.எஸ்சி.; கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது. கூடவே கணினியில் லினக்ஸ், பைத்தான் நிரல்மொழி கொஞ்சம், பிழையில்லாத ஆங்கிலம். ஆரம்பச் சம்பளம் டாக்டர் சம்பளம் ஆகாது. நாள் முழுக்கத் திரைமுன் உட்கார வேண்டும். வேலைக்குப் பெங்களூருவோ ஹைதராபாத்தோ போக நேரலாம். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

கிளின்வார் இலவசம். இன்று ராத்திரியே அவளைத் திறக்கச் சொல்லுங்கள். அரிவாள் செல் ரத்தசோகைக்குக் காரணமான, ஹீமோகுளோபின் புரதச் சங்கிலியில் உள்ள அமினோ அமில மாற்றம் பழைய புத்தகங்களில் 6வது இடம், இப்போதைய பதிவில் 7வது இடம். இரண்டுமே சரி. ஏன் என்று கண்டுபிடித்தால் அவளையே எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், மச்சினர் பேச வேண்டாம்.