மகளின் எம்.டி. படிப்புக்கு 45 லட்சம் கடன்: வங்கி எதைப் பார்க்கும்?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்கிறார்: "எனக்கு 56 வயது. அரசுப் பள்ளி ஆசிரியர். மகள் எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறாள். நீட் முதுநிலைத் தேர்வில் அவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் குழந்தை மருத்துவ எம்.டி. இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 20 லட்சம், மூன்று ஆண்டு. கையில் 15 லட்சம் இருக்கிறது. காலமான என் அப்பா கட்டிய வீடு எனக்கும் தம்பிக்கும் பொது. என் பெயரில் இரண்டு ஏக்கர் நஞ்சையும் உண்டு. மீதி 45 லட்சம் கடனாகக் கிடைக்குமா? வட்டி மானியம் வருமா?"

கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு ஏக்கரை நம்பி வங்கிக்குப் போகாதீர்கள்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை ஒட்டித்தான் பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. அதில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதைத் தாண்டினால் கேட்பார்கள். விவசாய நிலத்தை அடமானமாக வாங்க மறுப்பதற்குக் காரணம் உண்டு. கடன் வாராமல் போனால் நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தருவது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். விவசாய நிலம் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஏலம் விட முடியாத சொத்தை வைத்துக்கொண்டு மேலாளர் என்ன செய்வார்?

ஆக, வீடுதான். "எனக்கும் தம்பிக்கும் பொது" என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கியின் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு அக்கா தங்கை உண்டா?" என்பதாகத்தான் இருக்கும். அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மகள்களுக்கும் மகன்களைப் போலவே பங்கு உண்டு. கல்யாணத்தின்போது நகை போட்டு அனுப்பிவிட்டோம் என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. பங்குதாரர்கள் அத்தனை பேரும் வந்து கையெழுத்திட வேண்டும். அல்லது விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவாகியிருக்க வேண்டும். மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் இன்றே ஒரு பையில் சேர்க்கத் தொடங்குங்கள். வங்கியில் இருந்த காலத்தில் நான் பார்த்தவரை, கடன் தாமதமானதற்கு மாணவரின் மதிப்பெண் காரணமாக இருந்தது அபூர்வம். பட்டாவில் தாத்தா பெயர் அப்படியே கிடந்ததுதான் பல நேரம் காரணம்.

அவசரம் ஏன் என்றால், கலந்தாய்வில் இடம் ஒதுக்கிய பிறகு கல்லூரியில் சேரக் கிடைப்பது சில நாட்கள்தான். வழக்கறிஞர் கருத்து, சொத்து மதிப்பீடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்புப் பதிவு என்ற மூன்றும் அந்தச் சில நாட்களில் முடியாது. மதிப்பெண் பட்டியலைக் காட்டி முன்கூட்டியே கொள்கை அளவிலான ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முதல் தவணைக் கட்டணத்துக்கு உங்கள் 15 லட்சத்தைத் தயாராக வைத்திருங்கள். நிகர்நிலை இடங்களுக்கான கலந்தாய்வில் முன்பணமாகவே 2 லட்சம் கட்ட வேண்டும். அது திரும்பக் கிடைக்கும் பணம்தான் என்றாலும் அந்த நேரத்தில் கையில் இருக்காது.

உங்கள் வயதையும் வங்கி பார்க்கும். நான்கு ஆண்டில் நீங்கள் ஓய்வு பெறுவீர்கள். தவணை தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். கடனின் முதல் பொறுப்பாளி மகள், நீங்கள் உடன் கடன்தாரர். அதனால், பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் கணக்கில் வரும். பழைய கிரெடிட் கார்டு பாக்கியைப் பேசி முடித்து, பாதி கட்டி "செட்டில்" செய்த நண்பர் ஒருவருக்கு, அந்த ஒற்றை வார்த்தை அறிக்கையில் இருந்ததாலேயே மகனின் கடன் விண்ணப்பம் திரும்பி வந்தது. உங்கள் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி வட்டி. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதை "வட்டி இல்லை" என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அந்தக் காலத்தில் அது தனிவட்டி, அவ்வளவுதான். ஆண்டுத் தொடக்கத்தில் 15 லட்சம் வீதம் மூன்று முறை வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 13.5 லட்சம் சேர்ந்திருக்கும். 58.5 லட்சத்தை 15 ஆண்டில் கட்ட, மாதம் சுமார் 63,000 ரூபாய்.

அந்த வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால்? முதல் ஆண்டில் மாதம் 12,500, இரண்டாம் ஆண்டில் 25,000, அதற்குப் பின் 37,500. தவணை தொடங்கும்போது அசல் 45 லட்சத்திலேயே நிற்கும். மாதம் சுமார் 48,400 போதும். முதுநிலை மாணவர்களுக்குக் கல்லூரி மாத உதவித்தொகை தர வேண்டும். அதை வட்டிக்கு ஒதுக்கச் சொல்லி மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள். இப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். உதவித்தொகையை ஒழுங்காகத் தராத கல்லூரிகள் இருக்கின்றன என்பதால், விருப்பப் பட்டியலில் பெயரைப் போடுமுன் அங்கே படிக்கும் சீனியர்களிடம் விசாரிப்பது நல்லது.

மானியத்தை எதிர்பார்க்காதீர்கள். படிப்புக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமியில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, தரவரிசையில் முன்னிற்கும் கல்லூரிகள் என்றால், 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி உண்டு. உங்கள் பணிக்காலத்துச் சம்பளம் இரண்டையும் தாண்டியிருக்கும்.

வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான கழிவு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80இ பிரிவு) கைகொடுக்கும்: கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டு வரை கழிவு, உச்சவரம்பு கிடையாது. அசலுக்கு இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. தனிநபரிடமும் உறவினரிடமும் வாங்கிய கைமாற்றுக்கு இது பொருந்தாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே கலந்தாய்வில், எம்.டி.க்கு இணையாக மருத்துவமனைகளில் படிக்கும் டி.என்.பி. குழந்தை மருத்துவ இடங்களும் வருகின்றன. கட்டணம் அந்த 20 லட்சத்தில் மிகச் சிறு பங்கு, உதவித்தொகையும் உண்டு. எம்.டி. என்ற இரண்டு எழுத்தின் மீது நம் ஊரில் இருக்கும் பிரியம் எனக்கும் தெரியும். இருந்தாலும், அந்த நிகர்நிலைக் கல்லூரிக்கு மேலே சில டி.என்.பி. மருத்துவமனைகளின் பெயர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.